பெயரே சொல்லவில்லை, ஆனாலும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்

கேள்வி: அந்துப்பூச்சிகளைப் படமெடுப்பது என் பொழுதுபோக்கு. ராத்திரி பால்கனியில் வெள்ளைத் துணி கட்டி, விளக்குப் போட்டு, வருவதையெல்லாம் படமெடுத்து ஓர் இணையக் குழுவில் ஐந்தாண்டுகளாகப் போட்டு வருகிறேன். அங்கே எனக்குப் புனைபெயர்தான். முகம் காட்டியதில்லை, ஊர் சொன்னதில்லை. போன வாரம் குழுவில் இருக்கும் ஒருவர் தனிச்செய்தி அனுப்பினார். நான் வேலை செய்யும் மருத்துவமனையைச் சரியாகச் சொல்லி, "நானும் அந்தப் பக்கம்தான், ஒருநாள் சந்திக்கலாமா?" என்று கேட்டிருந்தார். நான் தனியாக வசிக்கும் பெண். அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. குழுவில் ஒரே ஒரு மூத்த உறுப்பினருக்குத்தான் என் உண்மைப் பெயர் தெரியும். அவர் சொல்லியிருப்பாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. காலையில் ஓடும் பழக்கமும் எனக்கு உண்டு; ஓட்டத்தைப் பதிவு செய்யும் செயலியிலும் இதே புனைபெயர்தான் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் குழுவை விட்டே போய்விடட்டுமா?

பதில் (தகவல் பாதுகாப்பு ஆலோசகர்): இன்றைக்கு எதையும் அழிக்காதீர்கள். அவர் எந்த வழியாக உங்களைக் கண்டுபிடித்தார் என்பதற்கான தடயம் உங்கள் பழைய பதிவுகளில்தான் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன்பே துடைத்துவிட்டால் எந்த ஓட்டையை அடைப்பது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

முதலில் அந்தச் செய்தியைக் கவனிப்போம். இன்னும் பதில் எழுதவில்லை என்றால் நல்லது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கக் கை பரபரக்கும். கேட்டீர்களானால், அவர் ஊகித்தது சரிதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். "நான் அங்கே இல்லையே" என்று மறுப்பதாலும் லாபமில்லை. பேச்சு வளர அது ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். செய்தியையும் அவருடைய புரொஃபைல் பக்கத்தையும் தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிளாக் செய்வது அதற்குப் பிறகு. சில தளங்களில் பிளாக் செய்ததும் பழைய உரையாடல் கண்ணில் படாமல் போய்விடும். பின்னால் யாரிடமாவது காட்ட வேண்டி வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. அப்புறம் குழுவின் அட்மினுக்கு எழுதுங்கள். நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதை அவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. "இந்த உறுப்பினர் என் பணியிடத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தனிச்செய்தியில் சொல்லிச் சந்திக்கக் கேட்டார், எனக்கு இது வேண்டாம்" என்றால் போதும். ஸ்கிரீன்ஷாட்டை இணைத்தால் மருத்துவமனையின் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள்.

பணியிடத்திலும் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். வரவேற்பில் இருப்பவர்கள், "அவங்க இன்னிக்கு டியூட்டியில இருக்காங்களா?" என்று யாராவது ஃபோனில் கேட்டால் நல்ல மனதோடு பதில் சொல்லிவிடுவார்கள். அதை நிறுத்தச் சொல்லுங்கள். வேறு கணக்கிலிருந்து அவர் மறுபடி எழுதினால், அல்லது நேரில் வந்து நின்றால், யோசிக்காமல் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அப்போது அந்த ஸ்கிரீன்ஷாட்கள் உதவும்.

அவர் கெட்டவர் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இறக்கையில் இருக்கும் ஒற்றைப் புள்ளியைப் பார்த்து இது இந்த இனம் என்று சொல்கிறவர்கள் கூடும் இடம் அது. படத்தின் மூலையில் தெரியும் ஜன்னல் கம்பியும் எதிர்க் கட்டடத்தின் பெயர்ப்பலகையும் அவர்கள் கண்ணுக்கு மட்டும் தப்புமா? உற்றுக் கவனிப்பதே பொழுதுபோக்காக இருக்கும் ஆட்கள் நடுவில்தான் நீங்கள் ஐந்து வருடம் இருந்திருக்கிறீர்கள். கண்டுபிடித்த குஷியில் எழுதியிருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லாத ஒன்றைத் துருவி எடுத்து, அதை வைத்தே சந்திக்கக் கேட்பது எல்லை மீறல்தான். எண்ணம் நல்லதாகவே இருந்தாலும் அது மீறல்தான்.

சரி, எப்படிக் கண்டுபிடித்திருப்பார்? பெயரை மறைத்தால் ஆள் மறைந்துவிடும் என்று பெரிய நிறுவனங்களே நம்பி ஏமாந்திருக்கின்றன. 2006-இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு போட்டி நடத்தியது. சுமார் 5 லட்சம் சந்தாதாரர்கள் திரைப்படங்களுக்குக் கொடுத்த 10 கோடி மதிப்பீடுகளை, பெயர்களை எடுத்துவிட்டு, ஆராய்ச்சியாளர்களுக்காக வெளியிட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் அதை ஆராய்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் எந்த எட்டுப் படங்களுக்கு என்ன மதிப்பெண் போட்டார், ஏறக்குறைய எந்தத் தேதியில் போட்டார் என்று தெரிந்தால் போதும். அந்த எட்டில் இரண்டு முழுத் தப்பாக இருந்தாலும், தேதிகள் இரண்டு வாரம் முன்பின்னாக இருந்தாலும், 99 சதவீதப் பதிவுகளைத் தனியாகப் பிரித்தெடுத்துவிடலாம் என்று காட்டினார்கள். ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் வெளிப்படையாக மதிப்பீடு எழுதியவர்களோடு ஒப்பிட்டுச் சிலரை அடையாளமும் கண்டார்கள். எல்லோரும் பார்க்கிற படங்களை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. யாரும் பார்க்காத நாலு படங்களைப் பார்த்தவர் உடனே தனியாகத் தெரிந்துவிடுவார்.

பொழுதுபோக்கு என்பதே அந்த நாலு அபூர்வப் படங்கள் மாதிரிதான். மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் ஏராளம், காலையில் ஓடுகிறவர்களும் ஏராளம். இரண்டையும் செய்துகொண்டு, ராத்திரியில் அந்துப்பூச்சியும் பார்க்கிறவர் ஒரு வட்டாரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அநேகமாக நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் பதிவுகளை நான் பார்க்கவில்லை. ஆனாலும் கடிதத்தை வைத்துச் சொன்னால், என் முதல் சந்தேகம் அந்த ஓட்டச் செயலி மேல்தான். ஒரு புனைபெயரைக் கொடுத்தால் நூற்றுக்கணக்கான தளங்களில் அது எங்கெங்கே இருக்கிறது என்று சில நிமிடங்களில் தேடித் தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றும் வேண்டாம். தேடுபொறியில் போட்டாலே பல சமயம் வந்துவிடும். பூச்சிக் குழுவில் ஊர் சொல்லாமல் ஐந்து வருடம் காத்த ரகசியத்தை, ஓட்டச் செயலி தினமும் காலையில் வரைபடம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்திருக்கலாம். ஓடிவிட்டு நேராக வேலைக்குப் போகும் நாட்கள் உண்டென்றால், கோடு மருத்துவமனை வாசலிலேயே போய் முடிந்திருக்கும்.

இந்த மாதிரிக் கோடுகள் ராணுவ ரகசியத்தையே காட்டிக்கொடுத்திருக்கின்றன. இப்படிப்பட்ட ஓட்டச் செயலி ஒன்றை நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் தன் பயனர்கள் உலகம் முழுக்க ஓடிய, சைக்கிள் ஓட்டிய தடங்களை எல்லாம் சேர்த்து, பெயர்கள் இல்லாமல், ஓர் ஒளிவரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் அதைக் கூர்ந்து பார்த்தார். ஆஃப்கானிஸ்தான், சிரியா போன்ற இடங்களின் இருட்டுக்கு நடுவில் சின்னச் சின்ன வட்டங்கள் பளிச்சென்று தெரிந்தன. ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் உடற்பயிற்சிக்காக ஓடிய தடங்கள் அவை. அதில் ஒருவர் பெயர்கூட இல்லை.

அந்தச் செயலியில் இன்றைக்கே மூன்று வேலை செய்யுங்கள். கணக்கைப் பிரைவேட் ஆக்குங்கள், புனைபெயரைச் சம்பந்தமே இல்லாத வேறொன்றாக மாற்றுங்கள், பழைய ஓட்டங்களையும் சேர்த்து மறையுங்கள். மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுவார்கள். பிரைவேட் ஆக்கும் செட்டிங் பெரும்பாலும் இனிமேல் வரும் பதிவுகளுக்கு மட்டும்தான் பொருந்தும். பழையவற்றுக்குத் தனியாக ஒரு தேர்வு இருக்கும், தேடிப் பாருங்கள்.

வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அதற்குள் நடப்பதை மறைக்கும் வசதியும் இத்தகைய செயலிகளில் உண்டு. நல்ல வசதிதான், ஆனால் அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. வீட்டை நடுவில் வைத்து வட்டம் போட்டால், வேறு வேறு திசையில் ஓடிய ஒவ்வொரு கோடும் அந்த வட்டத்தின் விளிம்பில்தான் அறுபடும். அறுபட்ட புள்ளிகள் போதுமான அளவு கிடைத்தால் பள்ளிக்கூட வடிவியலை வைத்தே வட்டத்தின் மையத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மையம் உங்கள் வீடு. ஆகவே வட்டத்தைப் பெரிதாகப் போடுங்கள், மையம் வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். இதைவிட எளிது, இரண்டு தெரு தள்ளிப் போனபிறகு செயலியை ஆன் செய்வது. அந்தக் கொஞ்சத் தூரம் கணக்கில் வராமல் போனால் உடம்புக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்து படங்கள். கைபேசியில் எடுக்கும் படக் கோப்புக்குள் எக்ஸிஃப் என்ற குறிப்பு இருக்கும். எந்தக் கைபேசி, எத்தனை மணி, இருப்பிட வசதி ஆன் ஆகியிருந்தால் எந்த அட்சரேகை, தீர்க்கரேகை என்பதெல்லாம் அதில் வந்துவிடும். வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர் வாங்கிய ஜான் மெக்காஃபி 2012-இல் பெலிஸ் நாட்டுப் போலீசுக்குத் தெரியாமல் தலைமறைவாக இருந்தார். அவரோடு இருந்த பத்திரிகையாளர்கள் பெருமையாக ஒரு படத்தைப் போட, கோப்பிலிருந்த எண்கள் அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிவிட்டன. கணினிப் பாதுகாப்பை விற்றவருக்கே அந்தக் கதி.

பெரிய சமூக வலைத்தளங்கள் பல, படத்தை மற்றவர்களுக்குக் காட்டும்போது இந்தக் குறிப்பை நீக்கிவிடுகின்றன. வாட்ஸ்அப்பிலும் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் நீங்கிவிடும். அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். மின்னஞ்சலில் இணைத்தாலும் அப்படித்தான். தரம் குறையக்கூடாது என்று பூச்சிப் படக்காரர்கள் டாக்குமென்ட்டாக அனுப்புவதுதான் வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இயற்கை சார்ந்த தளங்கள் இன்னும் ஒரு படி மேலே; படத்திலிருக்கும் இருப்பிடத்தை அவையே படித்து வரைபடத்தில் குத்திவிடும், அதுதான் அவற்றின் வேலை. அதனால் கேமரா செட்டிங்கில் லொக்கேஷனை அணைத்துவிடுங்கள். எந்த இடம் என்பது உங்களுக்குத் தேவையென்றால் சொந்தக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நியாயமான தயக்கம் வரும்: இடம் சொல்லாத பதிவால் ஆராய்ச்சிக்கு என்ன பயன்? உண்மைதான். அதற்காகப் பொய் இடம் போடாதீர்கள். அது எல்லோருடைய தரவையும் கெடுக்கும். இடத்தை மங்கலாக்கினால் போதும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் கொடுத்தால் சுமார் 11 மீட்டர் துல்லியம், அதாவது உங்கள் பால்கனி. இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். உயிரினப் படங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இருப்பிடத்தை மங்கலாக்கும் தேர்வைப் போட்டால், 0.2 பாகைக்கு 0.2 பாகை கொண்ட ஒரு பெரிய கட்டத்துக்குள், பூமத்திய ரேகையை ஒட்டிய இடம் என்றால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 22 கிலோமீட்டர், எங்கோ ஒரு புள்ளியைத்தான் மற்றவர்கள் பார்ப்பார்கள். அந்துப்பூச்சியின் பரவலைப் பதிவு செய்ய இதுவே பெரும்பாலும் போதும். ஆனால் ஒரே ராத்திரியில் எடுத்த பத்துப் படங்களில் எட்டை மங்கலாக்கிவிட்டு இரண்டை அப்படியே விட்டால் எட்டும் வெளிப்பட்ட மாதிரிதான். இருப்பிடத்தை மறைத்துவிட்டுக் குறிப்பில் "எங்கள் குடியிருப்பு நான்காம் மாடி" என்று எழுதுவதும் அதே ரகம்.

கோப்புக்குள் இருப்பதைத் துடைத்தாலும் படத்தில் தெரிவது தெரியத்தான் செய்யும். 2019-இல் ஜப்பானில் ஒரு பாடகியின் வீட்டை ஓர் ஆள் கண்டுபிடித்துத் தாக்கினார். அவள் போட்ட செல்ஃபியில், கண்மணியில் பிரதிபலித்த ரயில் நிலையத்தை வைத்து இடத்தைப் பிடித்ததாகப் போலீசிடம் சொன்னார். நீங்கள் கண்மணி வரைக்கும் கவலைப்பட வேண்டாம். துணி மட்டும் தெரிகிற மாதிரி வெட்டிப் போடுங்கள்; விளக்கு வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடி, எதிர்க் கட்டடம், அடையாள அட்டை தொங்கும் கொக்கி எதுவும் ஓரத்தில் வரவேண்டாம்.

இடத்துக்கு அடுத்தது நேரம். என் அனுபவத்தில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். "இப்போதான் நைட் டியூட்டி முடிச்சு வந்தேன், துணியில இது உட்கார்ந்திருக்கு" என்ற வரியில் பூச்சிக்குச் சம்பந்தமில்லாத மூன்று செய்திகள் இருக்கின்றன: உங்கள் தொழிலின் தன்மை, இன்றைய ஷிஃப்ட், இப்போது நீங்கள் வீட்டில் இருப்பது. வருடம் முழுக்க இப்படி எழுதினால் உங்கள் டியூட்டி அட்டவணையே வெளியே வந்துவிடும். படத்தை மூன்று நாள், ஒரு வாரம் கழித்துப் போடுங்கள். பூச்சிக்கு அவசரமில்லை. வெளியூர்ப் பயணப் படங்கள் என்றால் திரும்பி வந்தபிறகுதான். இந்த ஒரு பழக்கம் மற்ற பாதி எச்சரிக்கைகளுக்குச் சமம், செலவும் கிடையாது.

பேசாமலே இருந்துவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. குழுவில் சந்தோஷமே அரட்டைதானே. விளக்கின் வாட்ஸ் என்ன, எந்த லென்ஸ், எந்தப் பூச்சி உங்களை ஏமாற்றியது, இதையெல்லாம் தாராளமாக எழுதுங்கள். தொழில், கட்டடம், தினப்படி வழக்கம் மூன்றை மட்டும் ஒதுக்கி வையுங்கள். யாராவது நேராகக் கேட்டால், "அதை இங்கே சொல்வதில்லை, தப்பா நினைக்காதீங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் நல்லவர்கள் திரும்பக் கேட்கமாட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்கிறவரைப் பற்றியும் ஒன்று தெரிந்துவிடும்.

கணக்குகள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பொழுதுபோக்குக்கும் தனிப் புனைபெயர், தனிப் புரொஃபைல் படம், முடிந்தால் தனி மின்னஞ்சல். கிராவதார் போன்ற சேவைகளில் ஒரு மின்னஞ்சலோடு ஒரு படத்தைப் பொருத்திவிட்டால், அதே மின்னஞ்சலில் பதிவு செய்யும் பல தளங்களில் அந்தப் படம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். ஆப்பிளின் ஹைட் மை இமெயில், ஃபயர்ஃபாக்ஸ் ரிலே போன்றவை உண்மை முகவரியை மறைத்து மாற்று முகவரி தரும். ஜிமெயிலில் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு எழுதும் உத்தியைச் சிலர் மறைப்பு என்று நினைக்கிறார்கள். கூட்டல் குறிக்கு முன்னால் இருப்பது உங்கள் அசல் முகவரிதான், யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஃபோன் நம்பர் இன்னும் மோசம், ஏனென்றால் அது வங்கிக் கணக்கு வரைக்கும் போகும். குழு வாட்ஸ்அப்புக்கு மாறினால், பொதுவாக எல்லா உறுப்பினர்களுக்கும் உங்கள் எண் தெரிந்துவிடும். டெலிகிராமில் எண்ணை யார் பார்க்கலாம் என்பதை "யாரும் வேண்டாம்" என்று வைக்கலாம். அதற்குக் கீழேயே எண்ணை வைத்து உங்களைத் தேடலாமா என்ற தேர்வும் இருக்கும், அதையும் குறுக்குங்கள். சிக்னல் செயலியில் 2024 முதல் எண் காட்டாமல் யூசர்நேம் மட்டும் கொடுத்துப் பேசலாம். புத்தகமோ லென்ஸோ உறுப்பினர்களுக்குள் கைமாற்றிக்கொள்வீர்கள் என்றால் வீட்டு முகவரி தராதீர்கள், தபால் பெட்டியோ பார்சல் எடுத்துக்கொள்ளும் மையமோ போதும்.

இப்போது அழிக்கும் கேள்விக்கு வருகிறேன். ஐந்தாண்டு உழைப்பு. அதை மொத்தமாக அழித்தாலும் பிறர் மேற்கோள் காட்டியதும், எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டும், இணைய ஆவணக் காப்பகங்களில் தேங்கியதும் போகாது. அந்த மனிதருக்குத் தெரிந்ததும் அவர் தலையிலிருந்து அழியாது. மற்றவர்களின் பூச்சிகளுக்கு நீங்கள் சொன்ன அடையாளங்கள் மட்டும்தான் நிச்சயமாகப் போகும். அதனால் களையெடுத்தால் போதும். முதலில் உங்கள் பதிவுகள் அனைத்தையும் ஒரு பிரதி இறக்கி வையுங்கள். பிறகு உங்களைத் தெரியாத ஆள் மாதிரி உட்கார்ந்து, லாக்-அவுட் செய்த நிலையில், புனைபெயரைத் தேடுங்கள். உங்கள் புரொஃபைல் படத்தையும் தலைகீழ்ப் படத்தேடலில், அதாவது ஒரு படம் இணையத்தில் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் தேடலில், போட்டுப் பாருங்கள். நம்பிக்கையான தோழி ஒருத்தியிடம், "என்னைக் கண்டுபிடி பார்க்கலாம்" என்று அரை மணி நேரம் கொடுத்தால் இன்னும் நல்லது. நம் கண்ணுக்குப் பழகிப்போனது அவள் கண்ணில் படும். பணியிடம், கட்டடம், ஷிஃப்ட் இவற்றைத் தொடும் பதிவுகளை மட்டும் நீக்குங்கள் அல்லது திருத்துங்கள். குழுவில் இதே பெயரில் தொடரலாம், ஓட்டச் செயலியோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது என்றால். அந்த ஆள் விடாமல் தொந்தரவு செய்தால் மட்டும் புதுக் கணக்கைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் பழைய பூச்சிப் படங்களைப் புதுக் கணக்கில் மறுபடி போடக்கூடாது.

கடைசியாக, அந்த மூத்த உறுப்பினர். இத்தனை வழிகள் திறந்து கிடக்கும்போது அவர் சொல்லியிருக்க வேண்டிய தேவையே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டு பழகுவது கஷ்டம், கேட்டுவிடுங்கள். "நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டால் குற்றம் சாட்டின மாதிரி ஆகும். "சார், ஒருத்தர் நான் வேலை செய்யும் இடத்தைக் கண்டுபிடிச்சு மெசேஜ் போட்டிருக்கார். என்னைப் பற்றி யாராவது உங்களிடம் கேட்டாங்களா?" என்று கேளுங்கள். யார் கேட்டாலும் இனிமேல் சொல்ல வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். அதற்கு முன் ஒரு வேலை: உங்கள் உண்மைப் பெயரைக் குழுவின் தேடலில் போட்டுப் பாருங்கள். பாராட்டும் உற்சாகத்தில் அவர் எப்போதாவது பின்னூட்டத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கக்கூடும். இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். கூப்பிட்டது பெரும்பாலும் அவருக்கே நினைவிருக்காது.